ஐப்பசி மழையில் மினியேச்சரும் கார்டும்: கும்பகோணத்திலிருந்து ஒரு மாதக் கணக்கு

மன்னார்குடி நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மினியேச்சருக்கு, அதாவது குட்டிப் போர்வீரப் பொம்மைகளுக்கு, வர்ணம் தீட்டி விளையாடுவது, கார்டு கேம் ஆடுவது, இரண்டிலும் ஆசை. ஆனால் கடை, கிளப் எல்லாம் சென்னையிலும் பெங்களூருவிலும்தான் இருக்கின்றன. டெல்டாவில் இருந்துகொண்டு இதைத் தொடர முடியுமா? கும்பகோணத்தில் நீங்கள் சில பேர் கூடி ஆடுவதாகக் கேள்விப்பட்டேன். ஒரு மாதத்தில் என்னதான் செய்கிறீர்கள்? போன மாதத்தை வைத்தே சொல்லுங்களேன்.”

தாராளமாகத் தொடரலாம். கடை இல்லாதது பெரிய தடையே இல்லை, கூரியர் மன்னார்குடிக்கும் வருகிறது. நம் ஊரில் கவனிக்க வேண்டியது வானிலையை. இந்தக் கலையைச் சொல்லித்தரும் வீடியோக்களில் பெரும்பாலானவை இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ ஒரு மூடிய அறையில் எடுத்தவை. அவற்றை அப்படியே பின்பற்றி ஐப்பசி மாதம் மொட்டை மாடியில் ஸ்ப்ரே அடித்தால் பொம்மை பாழாகும். நாற்று விடப் பருவம் பார்ப்பதைப் போல இங்கே ப்ரைமர் (வர்ணத்துக்கு முன் கொடுக்கும் அடிப்பூச்சு) அடிக்கவும் பருவம் பார்க்க வேண்டும். அதனால்தான் எங்கள் குழு இந்தக் கணக்கைத் தமிழ் மாதத்தை வைத்தே எழுதுகிறது. ஒரு நோட்டில் மூன்று பத்தி: வாங்கியது, தீட்டியது, ஆடியது. ஐப்பசியில் முதல் பத்தி ஏறக்குறைய காலி. அடுத்த இரண்டும் நிறைந்திருக்கின்றன. இந்த மாதத்துக்கு அதுதான் சரியான கணக்கு என்பது என் அபிப்பிராயம்.

முன்னேற்பாடு புரட்டாசியிலேயே தொடங்கிவிட்டது. கொலுவை இறக்கிய கையோடு, வெயில் இருந்த கடைசி நாட்களில், ஐப்பசியில் தீட்ட வேண்டிய உருவங்கள் அத்தனைக்கும் கறுப்பு ப்ரைமர் அடித்து வைத்தோம். காலை பத்து மணியிலிருந்து மதியம் வரை நல்ல நேரம். பனி காய்ந்திருக்கும், கடல் காற்றும் வந்திருக்காது. கொலுப்படி பரணுக்குப் போவதற்கு முன்னால் ஒரு படியைக் கேட்டு வாங்கி, உருவங்களை அதில் வரிசையாக நிறுத்திக் காய வைத்தோம். வடகிழக்குப் பருவமழை பிடித்த பிறகு ஸ்ப்ரே டப்பாவை எடுக்கவே இல்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். டப்பாவிலிருந்து வரும் கரைப்பான் மிக வேகமாக ஆவியாகிறது. ஆவியாகும்போது பரப்பைச் சட்டென்று குளிர வைக்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, வர்ணப் படலத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. ப்ரைமர் என்றால் சொரசொரப்பாக, மாவு தூவியது மாதிரி ஆகிவிடும். தீட்டி முடித்த பின் காப்புக்காக அடிக்கும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் என்றால் இன்னும் மோசம். பல நாள் உழைத்துத் தீட்டிய உருவத்தின் மேல் வெள்ளையாகப் புகை படர்ந்துவிடும். அப்படி ஆகிவிட்டால் உடனே தின்னரில் முக்கி அழிக்க வேண்டாம். தூரிகையால் ஒரு பூச்சு பளபளப்பு வார்னிஷ் கொடுத்துப் பாருங்கள். பல நேரங்களில் வெள்ளை மறைந்து நிறம் திரும்பி வந்துவிடும். அதன் மேல் மேட் பூச்சைக் கையாலேயே பூசிக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் ப்ரைமர் வேண்டியே ஆக வேண்டும் என்றால் தூரிகையால் பூசும் நீர்வழி ப்ரைமர் இருக்கிறது. ஸ்பெயினின் வல்லேஹோ நிறுவனத்தது இணையக் கடைகளில் கிடைக்கும். மெல்லிசாக இரண்டு பூச்சு, நடுவில் முழுதாகக் காயும் வரை பொறுமை, அவ்வளவுதான். வர்ணத்துக்கு ஆரம்பத்திலேயே வெளிநாட்டு டப்பா வாங்க வேண்டியதில்லை. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கேமல், ஃபெவிக்ரில் அக்ரிலிக் வர்ணங்கள் யானை உருவத்தின் உடலுக்கும் அடித்தளத்து மண்ணுக்கும் ஆடைக்கும் போதும். அவற்றில் நிறத்துகள் கொஞ்சம் பருமன் என்பதால் தண்ணீர் விட்டு இளக்கி, ஒன்றுக்கு மூன்று பூச்சாகக் கொடுக்க வேண்டும். முகம், கண், நகை மாதிரி நுணுக்கத்துக்கு மட்டும் மினியேச்சருக்கென்றே தயாராகும் வர்ணம் நாலைந்து நிறம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரத்தால் நஷ்டம் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். தூரிகை வேலைக்கு ஐப்பசி மாதிரி மாதம் கிடையாது. சித்திரை வெயிலில் அக்ரிலிக் தட்டில் இருக்கும்போதே காய்ந்து தோலாகிவிடும். இரண்டு நிறத்தை ஈரத்தோடு ஈரமாகக் கலந்து இழைப்பதற்கு நேரமே கிடைக்காது. மழை நாளில் அந்த அவகாசம் தானாக வந்துவிடுகிறது. மேலங்கியின் மடிப்பில் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு நிறத்தை இழுத்துக்கொண்டு வரலாம், கோடு தெரியாது. ட்ரை பிரஷ், அதாவது வர்ணத்தைத் துடைத்துவிட்டு உலர்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் தேய்ப்பது, இந்த மாதத்தில் சரியாக வராது. தூரிகை எப்போதும் கொஞ்சம் ஈரம் ஏறியே இருக்கும், தூள் தூளாக விழ வேண்டிய இடத்தில் பட்டையாக விழும். அதைத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்துவிடலாம்.

அப்புறம், ஈரத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பாஞ்சை நனைத்து மேலே பட்டர் பேப்பர் விரித்து வர்ணம் வைக்கிற அந்த டப்பா, நம் ஊர் வெக்கையில் சில நாளில் நாற ஆரம்பிக்கும், பூஞ்சை பிடிக்கும். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றுங்கள். ஸ்பாஞ்சுக்கு அடியில் ஒரு பழைய செப்புக் காசைப் போட்டு வையுங்கள். செம்பு பூஞ்சையைத் தடுக்கும். பாட்டி வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் துழாவினால் காலணா ஒன்று கிடைக்காமலா போகும்?

ஒட்டும் விஷயத்திலும் மழைக்குப் பங்கு உண்டு. ஃபெவிகுவிக் மாதிரியான பசைகள் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகுகின்றன. அதனால் இந்த மாதத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் பிடித்துவிடும். உருவத்தின் கை கோணலாக உட்கார்ந்துவிட்டால் திருத்த நேரமிருக்காது. ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளைப் படலமும் வரும். ஊசி முனையில் எடுத்து வைத்தால் போதும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் உருவம் என்றால் பிளாஸ்டிக் சிமென்ட்தான் சரி. அது இரண்டு பக்கத்தையும் இளக்கி ஒன்றாகவே ஆக்கிவிடும். உலோகத்துக்கும் ரெசினுக்கும் அது பிடிக்காது.

சரி, இந்த மாதம் தீட்டியது என்ன? யானைகள். 15 மில்லிமீட்டர் அளவில் போர் யானைகள், பாகனோடும் மேலே இரண்டு வீரர்களோடும். முதல் விஷயம், வாங்கும்போதே காதைப் பாருங்கள். ஆப்பிரிக்க யானைக்குக் காது தோளை மூடும், முதுகு நடுவில் பள்ளமாக இருக்கும். நம் யானைக்குக் காது சிறிது, முதுகு மேடு, நெற்றியில் இரண்டு புடைப்பு. ஹன்னிபாலுக்காக வார்த்த யானையைச் சோழ நாட்டில் நிறுத்தினால் கும்பகோணத்தில் ஒரு குழந்தைகூட ஒப்புக்கொள்ளாது, தினமும் கோயில் வாசலில் பார்க்கிறார்களே.

நிறம் என்று வந்தால் பலரும் சாம்பல் நிறத்தை அப்படியே அடித்துவிடுகிறார்கள். உயிரோடு நிற்கும் யானையைக் கிட்டத்தில் பார்த்தால் அதில் பழுப்பு கலந்திருப்பது தெரியும். கறுப்பு ப்ரைமர் மேல் கரும் சாம்பலில் கொஞ்சம் பழுப்பு சேர்த்து முதல் பூச்சு, பிறகு மடிப்புகளில் தங்கும்படி நீர்த்த அடர்பழுப்பு வாஷ், காய்ந்ததும் முதுகு, நெற்றிப் புடைப்பு, முழங்கால் ஆகிய இடங்களில் வெளிர் சாம்பல். இதுவரை எல்லா யானைக்கும் பொது. நம் யானையை நம் யானையாக்குவது அடுத்த படி. காதின் ஓரம், துதிக்கையின் மேல்பாகம், கன்னம் இங்கெல்லாம் நிறம் மங்கி இளஞ்சிவப்பும் புள்ளிகளுமாக இருக்கும். பழைய தூரிகையின் மயிரைப் பாதியாக வெட்டிவிட்டு, சதை நிறத்தில் சாம்பல் கலந்து, அந்த இடங்களில் பொட்டுப் பொட்டாகக் குத்த வேண்டும். அதன் மேல் இன்னும் சின்னதாக அடர்சாம்பல் புள்ளி. எங்கள் குழுவில் இருக்கும் பள்ளி ஆசிரியை இதைச் செய்த பிறகு மேஜையில் மற்ற யானைகளெல்லாம் கல் யானை மாதிரி தெரிந்தன. எல்லோரும் எடுத்துத் திரும்பப் புள்ளி குத்தினோம். காலில் முழங்கால் வரை வண்டல் நிறம். ஆற்று மணலின் வெளிர் மஞ்சளை அங்கே பூசாதீர்கள். வயல் சேறு காய்ந்தால் கரும்பழுப்புதான்.

இந்த யானைகளெல்லாம் எதற்கு என்றால், இந்த மாதத்தின் பெரிய ஆட்டம் திருப்புறம்பியம் போர். சுவாமிமலையைத் தாண்டி, பைக்கில் எளிதாகப் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் ஊர். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு பக்கம் இரண்டாம் வரகுண பாண்டியன், எதிரில் பல்லவன் அபராஜிதன், அவனுக்குத் துணையாகக் கங்க மன்னன் பிரித்திவிபதியும் ஆதித்த சோழனும். பாண்டியர் தோற்றார்கள். பல்லவர் ஜெயித்தும் நீடிக்கவில்லை. சில வருடங்களில் ஆதித்தன் அபராஜிதனையே வீழ்த்தித் தொண்டை மண்டலத்தை எடுத்துக்கொண்டான். தஞ்சையைச் சுற்றி மட்டும் இருந்த சோழர் கை ஓங்கியதற்கு இந்த வயல்வெளியில் நடந்த சண்டை ஒரு பெரிய காரணம். ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பை எல்லோரும் மேஜையில் கொண்டுவர ஆசைப்படுகிறார்கள். அதற்குக் கப்பல் வேண்டும், கடல் வேண்டும், நிறைய பணம் வேண்டும். திருப்புறம்பியத்துக்கு இரண்டு அடிச் சதுரப் பலகை போதும்.

விதிகளுக்கு டிபிஏ (De Bellis Antiquitatis) என்ற பழங்காலப் போர் விளையாட்டை எடுத்துக்கொண்டோம். ஃபில் பார்க்கரும் அவர் கூட்டாளிகளும் சேர்ந்து 1990இல் கொண்டுவந்த விதிமுறை. ஒரு படைக்கு 12 அலகுகள் (ஒரே தட்டில் ஒட்டிய உருவக் கூட்டம் ஓர் அலகு) மட்டுமே. 15 மி.மீ. உருவங்களுக்கு ஒவ்வொரு அலகின் முகப்பும் 40 மி.மீ. அகலம். முறைக்கு ஒரு பகடை உருட்ட வேண்டும், விழுந்த எண் அளவுக்குத்தான் நகர்த்தல்கள். ஆறு விழுந்தால் நினைத்ததெல்லாம் செய்யலாம். ஒன்று விழுந்தால் மொத்தப் படையும் ஒரே ஒரு கட்டளைக்குக் காத்திருக்கும். ஒட்டி நிற்கும் அலகுகளை ஒரு வரிசையாக ஒரே கட்டளையில் நகர்த்தலாம் என்பதால், வரிசையைக் கலையாமல் காப்பதுதான் ஆட்டத்தின் உயிர். சண்டையில் இரண்டு பேரும் பகடை உருட்டித் தங்கள் பலத்தைக் கூட்டுவார்கள். தோற்றவர் எண் எதிரி எண்ணில் பாதிக்கு மேல் வரவில்லை என்றால் அலகு ஒழிந்தது, இல்லாவிட்டால் பெரும்பாலும் பின்வாங்கும். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மின்சாரம் போய் வருகிற மழை மாலைக்கு இதைவிடப் பொருத்தமான போர் விளையாட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் திருப்புறம்பியத்தை அதில் அப்படியே பொருத்த முடியாது. டிபிஏவில் தளபதி விழுந்தால் பெரும்பாலும் படை தோற்கும். உதயேந்திரம் செப்பேடு சொல்வதோ வேறு: பிரித்திவிபதி வரகுணனை வென்று, தன் நண்பனின் அபராஜிதன் (வெல்லப்படாதவன்) என்ற பெயரைப் பொருளுள்ளதாக்கி, தன் உயிரைக் கொடுத்து விண்ணுலகம் போனான் என்கிறது. அதாவது களத்தின் முக்கியமான தலைவன் விழுகிறான், அவன் பக்கம் ஜெயிக்கிறது. இதை விதிக்குள் கொண்டுவருவதில்தான் எங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வாக்குவாதம் ஓடியது. கடைசியில் இப்படி வைத்தோம். கூட்டணியின் 12 அலகில் பல்லவருக்கு 5, கங்கருக்கு 4, சோழருக்கு 3. அபராஜிதன்தான் தளபதி. பிரித்திவிபதி துணைத் தளபதி, அவன் உயிரோடு இருக்கும்வரை கங்கப் படைக்கு முறைக்கு ஒரு கட்டளை இலவசம். அவன் விழுந்தால் அந்தச் சலுகை போகும். ஆனால் அந்த ஒரு முறைக்கு மட்டும் எஞ்சிய கங்க அலகுகளுக்குச் சண்டையில் ஒரு புள்ளி கூடுதல்.

ஆட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பாண்டியர் பக்கம் பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி. யானைகளை நடுவில் வைத்து நேராக வந்தான். இடதுபுறம் மண்ணியாறு, நடுவில் ஒரு சேற்று வயல். சேற்றில் நின்று சண்டையிட்டால் யானைக்கும் குதிரைக்கும் 2 புள்ளி குறையும். அதனால் அவன் வயலைச் சுற்றி வர வேண்டியிருந்தது, வரிசை இரண்டாகப் பிரிந்தது. அந்த இடைவெளியைப் பார்த்து ஆசிரியை பிரித்திவிபதியைக் குதிரைப்படையோடு உள்ளே விட்டார். யானைக்குக் குதிரை மேல் 5, பகடையில் 6, மொத்தம் 11. பிரித்திவிபதிக்குக் குதிரைக்கு 3, தலைவன் என்பதற்கு 1, பகடையில் 1. வெறும் 5. அங்கேயே முடிந்தது அவன் கதை. ஆனால் அந்த முறையிலேயே மீதி கங்கர்கள் அந்தக் கூடுதல் புள்ளியோடு பக்கத்திலிருந்த பாண்டிய வில்லாளிகள் இரண்டு அலகை உடைத்தார்கள். ஆதித்தனின் மூன்று அலகும் ஆற்றங்கரை வழியாகப் பின்னால் வந்து சேர்ந்தன. நாலாவது அலகு போனதும் பாண்டியர் தோல்வி. செப்பேட்டில் படித்ததைப் பலகையில் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. அறையில் ஒரே சத்தம். இதற்காகத்தான் இவ்வளவு உழைப்பும்.

பலகையில் வைத்த ஊரும் வயலும் எல்லாம் இங்கே கிடைத்த பொருள்தான். இதில் டெல்டாக்காரர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களைவிட வசதி அதிகம். வெளிநாட்டவர் ஃபோம் அட்டையில் சுவர் செய்கிறார்கள். நமக்கு நெட்டி இருக்கிறது. குளத்திலும் சதுப்பிலும் வளரும் செடியின் தண்டு, அதைச் சீவிப் பெரிய கோயில் மாதிரி செய்யும் தஞ்சாவூர் வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. காகிதம் மாதிரி எடை, பிளேடு வைத்தால் வெண்ணெயாக வெட்டுப்படும். வர்ணத்தை உறிஞ்சிவிடும் என்பதால் முதலில் தண்ணீர் கலந்த ஃபெவிகாலால் ஒரு பூச்சு கொடுங்கள். அய்யனார் கோயில் மதில், மண்டபத் தூண் எல்லாம் அதில் அருமையாக வரும். நாணல் புதருக்குத் தேங்காய் நாரைப் பொடியாக வெட்டிக் கொத்துக் கொத்தாக நட்டு மேலே பச்சை. வரப்புக்கும் பாறைக்கும் எம்-சீல். அதன் இரண்டு பகுதிகளையும் சம அளவு பிசைந்து, விரலை நனைத்துக்கொண்டு அழுத்தினால் வேண்டிய வடிவம் வரும். வைக்கோலை மட்டும் கூரைக்கு வைக்காதீர்கள், இந்த ஈரத்தில் பூஞ்சை பூத்துவிடும்.

இனி கார்டுகள். தீபாவளிக்கு வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் ஊருக்கு வந்ததால் அந்த வாரம் கூட்டம் சேர்ந்தது. அதில் இரண்டு பேரிடம் மேஜிக் என்ற கார்டு விளையாட்டின் கமாண்டர் வகைக் கட்டுகள் இருந்தன. 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய மேஜிக்கில் இப்போது நாலு பேர் கூடி ஆடுவதற்கு அதிகம் எடுக்கும் வடிவம் இதுதான்: 100 கார்டு, அடிப்படை நிலக் கார்டுகளைத் தவிர எதுவும் இரண்டாவது பிரதி கூடாது, ஆளுக்கு 40 உயிர். வேடிக்கை பார்க்கவே நன்றாக இருக்கும், பேச்சும் பேரமும் கூட்டணியும். ஆனால் புதியவர் முதலில் இதில் இறங்க வேண்டாம். நூறு கார்டையும் படித்துப் புரிவதற்குள் ஆட்டம் அவரைத் தாண்டிப் போய்விடும்.

பிள்ளைகள் போக்கிமான் கொண்டுவந்தார்கள். அதில் பாதி போலி. பெட்டிக்கடைகளில் தங்க நிறத்தில் தொங்கும் பாக்கெட்டுகள் அத்தனையும் அப்படித்தான். அசல் அட்டையின் ஓரத்தைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு தாளுக்கு நடுவே கறுப்பாக மெல்லிய கோடு தெரியும். போலியில் அது இருக்காது. பிள்ளையிடம் ‘இது டூப்ளிகேட்’ என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லாமல், அதையே வைத்து விதிப்படி ஆடக் கற்றுக்கொடுத்தோம். 60 கார்டு, 6 பரிசுக் கார்டு. மனக்கணக்கும் பொறுமையும் தானாக வரும்.

வீட்டில் பெரியவர்கள் சீட்டு என்றதும் முகம் சுளிப்பார்கள். அவர்கள் பயத்துக்கு நியாயம் இருக்கிறது, காசு வைத்து ஆடிக் கெட்ட குடும்பங்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். வாதாடாதீர்கள். கூடத்திலேயே உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்து, அவர்கள் கண் முன்னாலேயே ஆடுங்கள். மேஜையில் காசு கிடையாது என்பதைக் கறாராக வையுங்கள். அதே கறார் வாங்குவதிலும் வேண்டும். உள்ளே என்ன வரும் என்று தெரியாத பூஸ்டர் பாக்கெட்டைப் பிரிக்கிற ஆசை சூதாட்ட ஆசைக்குப் பக்கத்து வீடு. வேண்டிய கார்டைத் தனித்தனியாக வாங்குங்கள், அல்லது என்ன இருக்கிறது என்று முன்பே சொல்லி விற்கும் கட்டுகளை வாங்குங்கள்.

செலவே இல்லாமல் ஆழமான ஆட்டம் வேண்டும் என்றால் என் பரிந்துரை நெட்ரன்னர். இதுவும் கார்ஃபீல்டு 1996இல் செய்ததுதான். 2012இல் வேறு நிறுவனம் புதுப்பித்தது, 2018இல் அதுவும் நின்றது. அதன் பிறகு ரசிகர்களே நல் சிக்னல் கேம்ஸ் (Null Signal Games) என்று லாப நோக்கில்லாத அமைப்பாகச் சேர்ந்து புதுக் கார்டுகள் கொண்டுவருகிறார்கள். நாமே அச்சிட்டுக்கொள்ளக் கோப்புகளை இலவசமாகவே தருகிறார்கள். ஒருவர் பெருநிறுவனம், முறைக்கு 3 செயல். மற்றவர் அதற்குள் ஊடுருவும் ரன்னர், முறைக்கு 4 செயல். நிறுவனத்துக்காரர் கார்டைக் கவிழ்த்தே வைப்பார். கீழே இருப்பது பொக்கிஷமா பொறியா என்று ரன்னர் அவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். 7 புள்ளி முதலில் எடுத்தவருக்கு வெற்றி.

அச்சிடுவது சுலபம். கார்டின் அளவு 63க்கு 88 மி.மீ. என்பதால் ஒரு ஏ4 தாளில் சரியாக ஒன்பது நிற்கும். ஜெராக்ஸ் கடையில் ‘பக்கத்துக்கு ஏற்றபடி சுருக்காதீர்கள், நூறு சதவீதத்திலேயே போடுங்கள்’ என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அளவு குறைந்துவிடும். ஸ்கேல் வைத்து வெட்டி, உறைக்குள் ஒரு சாதாரண சீட்டை வைத்து அதன் முன்னால் இந்தத் தாளைச் செருகினால் கையில் அசல் மாதிரியே நிற்கும். எங்கள் குழுவில் மின்வாரியத்தில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இதற்கு முன் ரம்மியைத் தவிர வேறு ஆடியதில்லை. மழை நாட்களில் வேலை நேரம் தாறுமாறாக இருந்தும், கிடைத்த மாலையிலெல்லாம் வந்து ஆடினார். கவிழ்த்து வைத்த கார்டைப் பற்றி அவர் முகத்தில் எதையுமே படிக்க முடியாது.

கார்டைக் காப்பாற்றுவதுதான் டெல்டாவில் பெரிய வேலை. பளபளக்கும் ஃபாயில் கார்டு மழைக்காலத்தில் வளைவதற்குக் காரணம் எளிது: பின்னால் இருக்கும் காகிதம் ஈரத்தைக் குடித்து விரிகிறது, முன்னால் இருக்கும் உலோகப் படலம் விரிவதில்லை. பலகை வைத்து அழுத்தினால் தற்காலிகமாகத்தான் நிமிரும், ஈரத்தை எடுத்தால்தான் தீரும். இறுக்கமாக மூடும் பிஸ்கட் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வையுங்கள். செருப்பு டப்பாவில் வருகிறதே, அதுதான். நிறம் மாறும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது, எப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும் என்று அதுவே சொல்லும். சிலர் அரிசி போடச் சொல்வார்கள், வேண்டாம், வண்டு வரும். அந்துருண்டை கூடவே கூடாது. அதன் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கிவிடும், மினியேச்சர் பக்கத்தில் இருந்தால் அதுவும் கெடும். புத்தக அலமாரியில் ராமபாணப் பூச்சி இருந்தால் கார்டை அங்கே வைக்காதீர்கள்.

முப்பரிமாண அச்சு பற்றியும் சிலர் கேட்கிறார்கள். ரெசின் அச்சில் உருவங்கள் மிக நுணுக்கமாக வரும், உண்மை. ஆனால் கையுறை, காற்றோட்டம், கழுவ ஆல்கஹால், இடையில் அறுபடாத மின்சாரம் எல்லாம் வேண்டும். ஜன்னலைச் சாத்தி வைக்கும் மழை மாதத்தில், குழந்தைகள் இருக்கும் வீட்டில், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செலவு. பொம்மைகள் மீதான அடிப்படை இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைக்கும் பெட்டி அந்த வகையில் சேர்ந்தால் விலை எங்கேயோ போய்விடும். அதனால் பெரிய பெட்டிக்கு ஆசைப்படாமல் சிறிய ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள். ஒன் பேஜ் ரூல்ஸ் என்று ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. அடிப்படை விதிகள் இலவசம், எந்த நிறுவனத்தின் உருவத்தையும் வைத்து ஆடலாம், ஆளுக்குப் பத்து உருவம் போதும். அவற்றைத் தீட்டி முடிக்கும் வரை அடுத்தது வாங்காதீர்கள். தீட்டாத உருவங்கள் பெட்டியில் குவிந்தால் தூரிகை எடுக்கவே மனசு வராது. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் நோட்டு மிகக் கண்டிப்பு.

கார்த்திகையில் தக்கோலத்தைத் தொடங்குகிறோம். 949இல் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே விழுந்த போர். அங்கே தளபதி விழுந்ததும் படை சிதறியது, அதனால் டிபிஏவின் மூல விதியே பொருந்தும் என்று ஆசிரியை சொல்கிறார். எதிரிகளான ராஷ்டிரகூடர் பக்கத்தில் கங்க மன்னன் பூதுகனை எந்த அலகாக வைப்பது என்பது இன்னும் தீரவில்லை. மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் வழியாக பஸ் இருக்கிறது, ஒரு ஞாயிறு மதியம் வாருங்கள். மினியேச்சர் எதுவும் கொண்டுவர வேண்டாம், பகடை மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். ராஷ்டிரகூடர் பக்கம் ஆட ஆள் குறைகிறது.